காலேஜ் ஃபெலோஷிப்ல லீடரா இருக்கச் சொல்லி கேட்டிருக்காங்களா? சரின்னு சொல்றதுக்கு முன்னாடி இத படிங்க

வருஷக் கடைசி வந்தா எல்லா காலேஜ் ஃபெலோஷிப்லயும், அதாவது கிறிஸ்தவ மாணவர்கள் ஒண்ணா கூடி ஜெபிச்சு பைபிள் படிக்கற குழுவுலயும், இது நடக்கும். சீனியர்ஸ் போகப் போறாங்க, அடுத்த டீமுக்கு ஆள் வேணும், யாராவது ஒரு அண்ணாவோ அக்காவோ வந்து "பொறுப்பு எடுக்கறத பத்தி ஜெபிச்சுப் பாரு"ன்னு சொல்லுவாங்க. இல்லன்னு சொல்ல கூச்சப்பட்டே நிறைய பேர் தலையாட்டிடறாங்க, என்ன எதிர்பார்க்கறாங்கன்னு உக்கார வச்சு யாரும் சொல்றதில்ல, அப்புறம் 3 மாசத்துல ஓய்ஞ்சு போயிடறாங்க. நான் 2 வருஷம் லீடரா இருந்தேன், இப்ப புதுசா வர்றவங்க கூட உக்காந்து பேசறேன், அதனால தெரிஞ்சத அப்படியே எழுதறேன்.

மொதல்ல கேளுங்க. எத்தன மாசம், வாரத்துக்கு எத்தன மணி நேரம், யாருக்கு பதில் சொல்லணும், ஒரு பிரச்சனைன்னா யார்கிட்ட போகணும், இந்த நாலையும் தெளிவா கேட்டு எழுதி வச்சுக்கோங்க. டீம் மீட்டிங், ஜெபக்கூட்டம், ஒரு பைபிள் ஸ்டடி, அதுக்கு தயாராகறது, ஒண்ணு ரெண்டு பேர தனியா பாக்கறது, எல்லாம் சேர்ந்தா எனக்கு வாரத்துக்கு 7, 8 மணி நேரம் ஆச்சு. அவ்வளவு நேரம் உங்ககிட்ட இல்லன்னா இப்பவே சொல்றது பாவம் இல்ல. விசுவாசத்துக்குள்ள வந்து கொஞ்ச நாள்தான் ஆகுதுன்னா ஒரு வருஷம் காத்திருங்க, 1 தீமோத்தேயு 3:6ல பவுல் "நூதன சீஷனாயிருக்கக்கூடாது"ன்னு சொல்றது கண்காணி, அதாவது சபைய நடத்தற தலைவர் பத்திதான், ஆனாலும் அங்க சொல்ற காரணம் பெருமை, அது நமக்கும் நல்லாவே பொருந்தும்.

தனி ஜெபமும் வேத வாசிப்பும் லீடருக்கு இருக்கும்னு எல்லாரும் நினைச்சுக்கறாங்க, அதனாலயே யாரும் கேக்கறதில்ல. எனக்கு நடந்தது இதுதான், பைபிள் ஸ்டடிக்கு தயாராகறதையே தியானம்னு கணக்கு வச்சுக்கிட்டேன், எந்த வசனத்த படிச்சாலும் இத அவங்களுக்கு எப்படி சொல்லலாம்னுதான் மனசு ஓடும், எனக்கு என்ன சொல்லுதுன்னு கேக்கவே இல்ல. மாற்கு 1:35ல இயேசு இருட்டோட எழுந்து வனாந்தரமான இடத்துக்குப் போய் ஜெபிக்கிறாரு, அதுக்கு முந்தின சாயங்காலம் பட்டணமே வாசல்ல கூடி இருந்துச்சு. அவ்வளவு வேலைக்கு அப்புறம் அவருக்கே அது தேவைப்பட்டுச்சு. 15 நிமிஷம்னாலும் நீங்க யாருக்கும் சொல்லப் போகாத ஒரு பகுதிய படிங்க.

படிப்பு. ஊழியம்னு சொல்லி கிளாஸ கட் அடிக்காதீங்க, அசைன்மென்ட்ட காப்பி அடிக்காதீங்க. உங்க கிளாஸ்ல இருக்கறவங்க உங்க ஜெபத்த பாக்கறதில்ல, எக்ஸாம் ஹால்ல நீங்க எப்படி இருக்கீங்கன்னு பாக்கறாங்க.

பைபிள் ஸ்டடி நடத்தறது பிரசங்கம் இல்ல, இது நிறைய பேருக்கு புரிய நாளாகுது. மாற்கு 2ல திமிர்வாதக்காரன, அதாவது நடக்க முடியாத ஒருத்தர, நாலு பேர் தூக்கிட்டு வந்து, கூட்டத்தால உள்ள போக முடியாம கூரைய பிரிச்சு இயேசு முன்னாடி இறக்கற பகுதிய எடுத்துக்கோங்க, "விசுவாசம்னா என்ன"ன்னு கேட்டா எல்லாருக்கும் தெரிஞ்ச பதில் வரும், அதோட முடிஞ்சுது. "கூரைய பிரிச்ச அந்த நாலு பேர்ல நீங்க ஒருத்தரா இருந்தா அந்த நேரத்துல எதுக்கு பயந்திருப்பீங்க"ன்னு கேட்டுப் பாருங்க. கேட்டுட்டு வாய மூடிக்கோங்க, மனசுக்குள்ள 1லேர்ந்து 10 வரைக்கும் மெதுவா எண்ணுங்க. அந்த அமைதி சங்கடமாதான் இருக்கும், 4 வரும்போதே நாமளே பதில் சொல்லிடலாம்னு தோணும், சொல்லாதீங்க. எங்க குரூப்ல மாசக்கணக்கா ஓரமா உக்காந்து பைபிள்ல பக்கத்துக்கு அடையாளமா இருக்கற நாடாவ விரல்ல சுத்திட்டே இருந்த ஒரு தம்பி, 8 எண்ணும்போது "வீட்டுக்காரர் திட்டுவாருன்னு பயந்திருப்பேன்"னான், எல்லாரும் சிரிச்சாங்க, அவனும் சிரிச்சான், அடுத்த வாரத்துலேர்ந்து அவன் பேச ஆரம்பிச்சான்.

இப்ப ரொம்ப முக்கியமான விஷயம், இதுல நான் தப்பு பண்ணவன். ஒரு ஜூனியர் தன் வீட்டு பிரச்சனைய அழுதுட்டே எங்கிட்ட சொன்னாங்க. நான் அத டீம் மீட்டிங்ல பேர் சொல்லி "ஜெபக் குறிப்பு"ன்னு வச்சேன். மனசுல பாரத்தோடதான் சொன்னேன், ஆனா 2 நாள்ல அது சுத்தி அவங்க காதுக்கே போயிடுச்சு. "அண்ணா, உங்ககிட்ட மட்டும்தான சொன்னேன்"னு ஒரு மெசேஜ் வந்துச்சு, அதுக்கப்புறம் அவங்க ஃபெலோஷிப் பக்கமே வரல. மன்னிப்பு கேட்டேன், மன்னிச்சேன்னு சொன்னாங்க, ஆனா திரும்பி வரல. அதனால ஒருத்தர் சொன்னத அவங்கள கேக்காம எங்கயும் ஜெபத்துக்குக்கூட வைக்காதீங்க. ஆனா ஒருத்தர் உயிர மாய்ச்சுக்கணும்னு பேசினாலோ, யாராவது அவங்கள அடிக்கறாங்க, தப்பா தொடறாங்கன்னு சொன்னாலோ அது ரகசியமா வைக்கற விஷயமே இல்ல, அன்னைக்கே ஃபெலோஷிப்புக்கு பொறுப்பா இருக்கற பெரியவங்ககிட்டயும் கவுன்சிலர்கிட்டயும் சொல்லணும், அவங்கள தனியா விடக்கூடாது, ஜெபம் பண்ணிட்டு அனுப்பிடக்கூடாது. இத மொதல்லயே சொல்லிடுங்க, "உன் உயிருக்கு ஆபத்துன்னாலோ, யாராவது உன்ன அடிக்கறாங்க, தப்பா தொடறாங்கன்னாலோ மட்டும் நான் பெரியவங்ககிட்ட சொல்லுவேன்"னு.

காசு விஷயத்துல காணிக்கைய எப்பவும் ரெண்டு பேர் சேர்ந்து எண்ணுங்க, உடனே எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து போடுங்க. 2 கொரிந்தியர் 8:20, 21ல பவுலே யாரும் குற்றம் சொல்லாதபடி தர்ம பணத்த கொண்டுபோக கூட ஆள் அனுப்பறாரு, நாம யாரு.

டீமுக்குள்ள சண்டை வரும், கண்டிப்பா வரும். மத்தேயு 18:15 சொல்றபடி மொதல்ல அந்த ஆள்கிட்ட தனியா போங்க, குரூப் சாட்ல போடாதீங்க. ஞானஸ்நானம், அந்நிய பாஷையில ஜெபிக்கறது இதெல்லாம் சபைக்கு சபை வேற மாதிரி, ஃபெலோஷிப்ல எல்லா சபை பிள்ளைங்களும் இருப்பாங்க, யாரையும் அவங்க சபையிலேர்ந்து பிரிச்சு இழுக்கறது நம்ம வேலை இல்ல. நீங்களும் ஞாயித்துக்கிழமை ஒரு சபையில இருங்க, அங்க உங்களுக்கு ஒரு மேய்ப்பர் இருக்கட்டும். வேற நம்பிக்கையில இருக்கற ஃப்ரெண்ட்ஸ்கிட்ட உங்க விசுவாசத்த மறைக்க வேண்டாம், ஆனா அவங்கள ஒரு டார்கெட்டா பாக்காதீங்க, கூட்டத்துக்கு வரலன்னாலும் ஃப்ரெண்டா இருங்க.

ஆள் வரலன்னு சோர்ந்து போறவங்களுக்கு ஒண்ணு. 1806ல அமெரிக்காவுல வில்லியம்ஸ் காலேஜ் மாணவர்கள் வெறும் 5 பேர் வெளியில ஜெபிக்கக் கூடினாங்க, மழை வந்து ஒரு வைக்கோல் போர் பக்கத்துல ஒதுங்கி ஜெபிச்சாங்க, 1810ல அமெரிக்காவுல மிஷனரி சங்கம் ஒண்ணு உருவானதுக்கு அந்த ஜெபம்தான் தொடக்கம்னு சொல்லுவாங்க. 40 சேர் போட்டு 6 பேர் வந்தா மீதி சேர அடுக்கி வச்சுட்டு வட்டமா உக்காருங்க, 6 பேரோட பேரும் அவங்க எக்ஸாம் தேதியும் உங்களுக்கு தெரிஞ்சிருக்கட்டும்.

எல்லாத்தையும் ஒரே ஆளா சுமக்காதீங்க. யாத்திராகமம் 18ல மோசே காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் தனியா உக்காந்து நியாயம் விசாரிக்கறத பாத்து மாமனார் எத்திரோ இது நல்லதில்லன்னு சொல்லி 1000, 100, 50, 10 பேருக்குன்னு தலைவர்கள வைக்கச் சொல்றாரு. உங்களுக்கும் அந்த 10 பேர் போதும், சொல்லப் போனா 3 பேர நல்லா பாத்துக்கிட்டாலே பெரிய விஷயம்.

பொறுப்பு எடுத்த மொத மாசமே அடுத்து யாருன்னு பாக்க ஆரம்பிங்க. ஜெபக்கூட்டத்துல ஒரு பாட்ட ஜூனியர ஆரம்பிக்கச் சொல்லுங்க, அடுத்த மாசம் பைபிள் ஸ்டடிய பாதி அவங்க நடத்தட்டும், நீங்க பக்கத்துல உக்காந்து பேசாம இருங்க, தடுமாறினாலும் நடுவுல புகுந்து காப்பாத்தாதீங்க, முடிஞ்சப்புறம் நல்லா பண்ண ஒண்ண மொதல்ல சொல்லிட்டு அப்புறம் திருத்துங்க. கடைசி மாசம் நோட்டு, கணக்கு, சாவி, யார் யார அடிக்கடி போய் பாக்கணும்ங்கற லிஸ்ட், எல்லாத்தையும் கைல குடுத்துடுங்க. அந்த லிஸ்ட்ல இருக்கற ஒவ்வொருத்தர்கிட்டயும் புது லீடர நீங்களே கூட்டிட்டு போய் அறிமுகப்படுத்துங்க.