வயர்கார்டு டன்னலில் வரும் பாக்கெட் ஸ்க்விட்டுக்குப் போகவில்லை என்றால்

போனின் வலைப் போக்குவரத்தை வயர்கார்டு என்ற விபிஎன் டன்னல் வழியாக வீட்டு சர்வருக்குக் கொண்டுவந்து, அங்கே ஓடும் ஸ்க்விட் என்ற பிராக்ஸிக்குத் திருப்புகிறீர்கள். டன்னல் எழுந்துவிட்டது, பிங் போகிறது. ஆனால் போனில் பக்கம் திறக்கவில்லை, ஸ்க்விட்டின் ஆக்சஸ் லாக்கில் ஒரு வரிகூட இல்லை. பலரும் உடனே ஐபி ஃபார்வர்டை (பாக்கெட்டை வேறு மெஷினுக்குக் கடத்தவிடும் கெர்னல் செட்டிங்) 1 ஆக்கிவிட்டு, ஃபயர்வாலின் ஃபார்வர்டு செயினில் விதிமேல் விதியாகச் சேர்ப்பார்கள். நான் அந்தப் பக்கமே போகமாட்டேன். பிராக்ஸிக்குத் திருப்பிய பாக்கெட் அந்த வழியாக வராது.

என் வீட்டு சர்வரில் டபிள்யூஜி0 என்ற வயர்கார்டு இன்டர்ஃபேஸின் முகவரி 10.8.0.1, தம்பியின் போன் 10.8.0.2. போனிலிருந்து வரும் டிசிபி போர்ட் 80-ஐ, ப்ரீரவுட்டிங்கில், அதாவது ரூட் முடிவாவதற்கு முன்பே, ரீடைரக்ட் விதி போட்டு ஸ்க்விட்டின் 3129 போர்ட்டுக்குத் திருப்புகிறேன். அந்த விதி, சேரவேண்டிய முகவரியை பாக்கெட் நுழைந்த இன்டர்ஃபேஸின் முகவரியாகவே மாற்றிவிடும். 10.8.0.1 சர்வரின் சொந்த முகவரி. எனவே கெர்னல் அதை வெளியே அனுப்பாமல், தனக்கே வரும் பாக்கெட்டுகளுக்கான இன்புட் செயினுக்குக் கொண்டுபோகும். டபிள்யூஜி0-வில் 3129-க்கு அனுமதி இருக்கவேண்டியது அங்கேதான்.

சோதனையை, பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப்பில் தொடங்குங்கள். டபிள்யூஜி0-வில் ஓடவிட்டு, போனில் நெவர்எஸ்எஸ்எல் தளத்தைத் திறங்கள். அது எச்டிடிபியிலேயே வரும். இணைப்பைத் தொடங்கும் சின் பாக்கெட் தெரியவில்லையா? போன் பக்கம் அலவ்டு ஐபிஸில் (அனுமதித்த முகவரிகளின் பட்டியல்) 0.0.0.0/0 இருக்கிறதா, சர்வர் பக்கம் போனுக்கான பியர் பகுதியில் 10.8.0.2/32 இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே வரும் மூல முகவரி அந்தப் பட்டியலில் இல்லாவிட்டால் வயர்கார்டு சத்தமில்லாமல் தூக்கிப் போட்டுவிடும். டிசிபிடம்ப்பில் போர்ட் 80 என்றே தெரியும், 3129 தெரியாது. முகவரி மாறுவதற்கு முன்பே அது பாக்கெட்டைப் பார்த்துவிடுகிறது, அவ்வளவுதான்.

சின் வந்து, பதிலாக இணைப்பை மறுக்கும் ஆர்எஸ்டி போனால் பெரும்பாலும் அந்த முகவரியில் யாரும் லிசன் செய்யவில்லை. யார் எங்கே லிசன் செய்கிறார்கள் என்று காட்டும் எஸ்எஸ் கட்டளையில் 127.0.0.1:3129 என்று வந்தால் விஷயம் அதுதான்: பாக்கெட் 10.8.0.1-ஐத் தேடி வருகிறது, ஸ்க்விட்டோ மெஷினுக்குள் மட்டும் எட்டும் லூப்பேக்கில் (127.0.0.1) மட்டும் உட்கார்ந்திருக்கிறது. ஸ்க்விட் கான்ஃபிக்கில் 10.8.0.1:3129 இன்டர்செப்ட் (திருப்பிவிட்ட இணைப்பை ஏற்கும் போர்ட்) என்று எழுதினால் தீர்ந்தது. இதற்கு டிநாட் (சேருமிட முகவரியை மாற்றும் விதி) போட்டு 127.0.0.1-க்கு அனுப்பி, வெளியிலிருந்து லூப்பேக் முகவரிக்கு வரும் பாக்கெட்டை ஏற்கவைக்கும் ரூட் லோக்கல்நெட்டை 1 ஆக்கச் சொல்லும் ஆலோசனையும் உண்டு. வேலை செய்யும், ஆனால் தயவுசெய்து வேண்டாம். லூப்பேக்கை நம்பிப் பூட்டாமல் விட்ட சர்வீஸ்களை அது பக்கத்து மெஷின்களுக்குத் திறந்துவிடக்கூடும். 2020-இல், கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்னெட்டீஸில் வெளிவந்த ஓட்டை இதே செட்டிங்கால் வந்ததுதான்.

பதிலே இல்லாமல் சின் மட்டும் திரும்பத் திரும்ப வந்தால், முதலில் ரீடைரக்ட் விதி இருக்கும் நாட் டேபிளின் கவுன்டரைப் பாருங்கள். அது ஒவ்வொரு இணைப்பின் முதல் பாக்கெட்டை மட்டுமே எண்ணும். எனவே ஒவ்வொரு சோதனைக்கும் புது இணைப்பு வேண்டும். கவுன்டர் ஏறியும் பதில் வரவில்லை என்றால் இன்புட் செயின், அப்புறம் ஆர்பி ஃபில்டர் (மூல முகவரிக்கான ரூட் அதே இன்டர்ஃபேஸில் இல்லாவிட்டால் பாக்கெட்டைத் தள்ளும் சோதனை). சர்வர் முகவரியை /24-க்குப் பதில் /32 என்று கொடுத்து, இன்டர்ஃபேஸைக் கையால் எழுப்பியிருந்தால் 10.8.0.2-க்கு ரூட் இருக்காது. ஐபி ரூட் கெட் 10.8.0.2 என்று கேட்டால் டபிள்யூஜி0 வரவேண்டும். வெளி நெட்வொர்க்குக்கான ஈத்0 வந்தால் ரூட்டைச் சரிசெய்யுங்கள். அதைவிட்டு ஆர்பி ஃபில்டரை அணைக்காதீர்கள்.

ஸ்க்விட்டைச் சோதிக்கிறேன் என்று கர்ல் கட்டளை மூலம் நேராக 3129-ஐத் தட்டவேண்டாம். இன்டர்செப்ட் போர்ட் ஒவ்வொரு இணைப்பின் பழைய சேருமிடத்தையும் கெர்னலிடம் கேட்கும். நேராக வந்தால் திருப்பிய பதிவு இருக்காது, பிழைதான் வரும். நேரடிச் சோதனைக்கு, சாதாரண பிராக்ஸி போர்ட்டாக 3128-ஐத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். திருப்பும் விதியும் ஸ்க்விட் ஓடும் அதே மெஷினில் இருக்கவேண்டும். வேறு ரவுட்டரில் டிநாட் செய்தாலும் இதே பிழைதான்.

இவ்வளவும் சரியாகி, சில தளங்கள் மட்டும் லாக்கில் வரவில்லையென்றால் அவை பெரும்பாலும் எச்டிடிபிஎஸ்ஸின் 443 போர்ட்டில் போகின்றன. க்விக் (எச்டிடிபி/3-இன் அடியில் இருக்கும் நெறிமுறை) என்றால் அது டிசிபியே அல்ல, யுடிபி. 80-க்குப் போட்ட டிசிபி விதி இரண்டையும் தொடாது.