ட்ரான்ஸ்ஃபார்மர்ஸ் 1984: தொடருக்கு ஒரு துணைநூல் தொகுத்துத் தைப்பது எப்படி

ஒரு தொடரின் பாத்திரங்களையும் அத்தியாயங்களையும் பட்டியலிடும் துணைநூலைப் புரட்டுகிறவருக்கு வேண்டியது இரண்டு. தேடிய பெயர் கிடைக்க வேண்டும். அதன் கீழே எழுதியிருப்பது எங்கிருந்து எடுத்தது என்று தெரிய வேண்டும். இரண்டாவதைக் கோட்டைவிட்ட புத்தகம் எவ்வளவு அழகாக இருந்தாலும் யாருடைய சந்தேகத்தையும் தீர்க்காது. ட்ரான்ஸ்ஃபார்மர்ஸ், வாகனங்களாக உருமாறும் ரோபாட்களைப் பற்றிய கார்ட்டூன் தொடர். செங்கோட்டை, புளியரை தொடங்கி ஆரியங்காவு வரை இந்தத் தொடருக்கு ரசிகர்கள் இருக்கிறார்கள். நாலைந்து பேர் சேர்ந்தால் 112 பக்கத்தில் ஒரு நல்ல துணைநூலைக் கையாலேயே செய்துவிடலாம்.

முதலில் எல்லையை வகுத்துக்கொள்ளுங்கள். தொடர் அமெரிக்காவில் 1984 செப்டம்பர் 17 அன்று தொடங்கி 1987 நவம்பர் 11 அன்று முடிந்தது. மொத்தம் 98 அத்தியாயங்கள்: முதல் பருவத்தில் 16, இரண்டாவதில் 49, மூன்றாவதில் 30, நான்காவதில் 3. இரண்டாம் பருவத்துக்கும் மூன்றாம் பருவத்துக்கும் நடுவே 1986 ஆகஸ்டில் திரைப்படம் வந்தது. அதை விட்டால் மூன்றாம் பருவம் விளங்காது, ஆகவே அதற்கும் இடம் வேண்டும். பிற்காலத் தொடர்கள், நடிகர்கள் நடித்த படங்கள் எதையும் உள்ளே விடாதீர்கள். ஒன்றைச் சேர்த்தால் அடுத்ததையும் சேர்க்கச் சொல்வார்கள். புத்தகம் முடியவே முடியாது.

அடுத்து, தகவலை மூன்று ஊற்றுகளாகப் பிரியுங்கள்: திரையில் கண்டது, பொம்மைப் பெட்டியில் அச்சானது, மார்வெல் காமிக்ஸில் வந்தது. இந்தப் பொம்மைகள் ஜப்பானின் டகாரா நிறுவனம் முன்பே விற்றுவந்த டயாக்ளோன், மைக்ரோமேன் வரிசைகளிலிருந்து வந்தவை. அமெரிக்கப் பொம்மை நிறுவனமான ஹாஸ்ப்ரோ அவற்றை வாங்கி, கதையும் பெயரும் வைக்கும் வேலையை மார்வெலிடம் கொடுத்தது. பெரும்பாலான பாத்திரங்களுக்குப் பெயரும் குணமும் எழுதியவர் பாப் புடியான்ஸ்கி. திரைக்கேற்றபடி உருவங்களை எளிமையாக்கி வரைந்ததில் பெரும்பங்கு பிலிப்பைன்ஸ் ஓவியர் ஃப்ளோரோ டெரியுடையது. இத்தனை கை பட்டதால்தான் ஒரே பாத்திரம் மூன்று இடத்தில் மூன்று விதமாக நிற்கிறது. அயர்ன்ஹைட், ராட்செட் பொம்மைகளுக்குத் தலையே கிடையாது. ஓர் இருக்கையில் முகம் ஒட்டியிருக்கும். திரையில் இருவருக்கும் முழுத்தலை உண்டு. பெட்டியில் ஜெட்ஃபயர் என்று வந்த பொம்மை மாக்ராஸ் என்ற ஜப்பானியக் கார்ட்டூன் தொடரின் விமான அச்சில் வார்த்தது. திரையில் அவர் ஸ்கைஃபயர் என்ற பெயரில், வேறு உருவத்தில் வருகிறார். இரண்டையும் ஒரே பதிவாகக் குழப்பி எழுதினால் படிக்கிறவர் தேடும் படம் கிடைக்காது. ஒவ்வொரு வரியின் முடிவிலும் தி, பெ, கா என்று ஓர் எழுத்துப் போடுங்கள். முறை அவ்வளவுதான், ஆனால் முதல் பதிவிலிருந்தே போட வேண்டும். பாதி எழுதிய பிறகு திரும்பிப் போய்ப் போட யாருக்கும் நினைவிருக்காது.

தொடரே தன்னை மறுக்கும் இடங்கள் உண்டு. கட்டுமான வாகனங்களாக உருமாறும் கன்ஸ்ட்ரக்டிகான்கள் பூமியிலேயே கட்டப்பட்டவர்கள் என்கிறது முதல் பருவத்தின் கடைசி அத்தியாயம். இரண்டாம் பருவத்தில் நல்லணியைச் சேர்ந்த ஒமேகா சுப்ரீமின் கதை வரும்போது, அவர்கள் தாய்க் கிரகமான சைபர்ட்ரானில் அவருடைய பழைய நண்பர்கள், பிறகு மனம் மாற்றப்பட்டவர்கள் என்றாகிறது. மூன்றாம் பருவத் தொடக்கத்து ஐந்து பகுதிக் கதையிலோ எதிரணித் தலைவர் மெகட்ரானைக் கட்டியதே அவர்கள்தான். மூன்றையும் இணைத்து ஒரு கதை புனையத் தோன்றும். கூடாது. மூன்றையும் அத்தியாய எண்ணோடு அடுத்தடுத்து எழுதிவிட்டு நிறுத்துங்கள். இதற்கென்றே நான்கு பக்கம் ஒதுக்குங்கள். புத்தகத்தில் அதிகம் புரட்டப்படும் பக்கங்கள் அவையாகத்தான் இருக்கும், விவாதம் நடப்பது அங்கேதான்.

அத்தியாயப் பதிவுக்கு அரைப்பக்கம் போதும். 98-க்கும் சேர்த்து 49 பக்கம். ஒளிபரப்பான வரிசையும் தயாரித்த வரிசையும் ஒன்றல்ல, இரண்டு எண்ணையும் எழுதுங்கள். காட்சியின் நேரம் குறிக்கும்போது ஒரு சிக்கல் வரும். வினாடிக்கு 24 படச்சட்டமாக எடுத்ததை ஐரோப்பிய பால் (PAL) ஒளிபரப்பு முறைப் பிரதிகள் 25 ஆக ஓட்டுகின்றன. 22 நிமிட அத்தியாயம் அதில் 21 நிமிடம் 7 வினாடியில் முடிந்துவிடும். இரண்டு பேர் இரண்டு பிரதியைப் பார்த்துக் குறித்தால் கடைசிக் காட்சியில் முக்கால் நிமிடத்துக்கு மேல் விலகும். எல்லோரும் ஒரே பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். அத்தியாயத் தலைப்பு திரையில் தோன்றும் கணத்தைச் சுழியமாக வைத்து எண்ணுங்கள். எந்தப் பிரதி என்பதை முன்னுரையில் சொல்லிவிடுங்கள்.

பாத்திரத்துக்கு ஒரு பக்கம், 40 பேர். முன்புறம், பக்கவாட்டு, வாகன உருவம் என்று மூன்று படம். படங்களை நீங்களே வரையுங்கள். திரையிலிருந்து படம்பிடித்து ஒட்டினால் அச்சில் மங்கும், உரிமைச் சிக்கலும் வரும். பாத்திரங்களின் உரிமை ஹாஸ்ப்ரோ, டகாரா டோமி நிறுவனங்களுடையது. ஆகவே புத்தகத்தை விற்காதீர்கள், தாள் செலவைப் பங்கிட்டுக்கொள்ளுங்கள்.

உயரப் பட்டியலில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். மீட்டர் கணக்கு போடாதீர்கள்; காட்சிக்குக் காட்சி அளவு மாறும் தொடர் இது. நல்லணித் தலைவர் ஆப்டிமஸ் பிரைமை 100 என்று வைத்து மற்றவரை அதன் விகிதமாக எழுதுங்கள். அதற்கு இருவரும் முழுதாகத் தெரியும் காட்சி வேண்டும், இருவர் பாதமும் தரையில் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். கீழிருந்து மேலே பார்க்கும் காட்சி உதவாது. முன்னால் நிற்பவர் பெரிதாகிவிடுவார். வெவ்வேறு அத்தியாயத்திலிருந்து மூன்று அளவு எடுத்து, நடு எண்ணை எழுதுங்கள். சராசரி போட்டால் ஓவியர் பிசகாக வரைந்த ஒரு சட்டம் முழு அளவையும் இழுத்துவிடும். வாகன உருவங்களுக்குத் தனிப் பட்டியல் போடுங்கள். மெகட்ரான் வால்தர் பி38 கைத்துப்பாக்கியாகிறார், சவுண்ட்வேவ் சின்ன டேப் ரெக்கார்டராகிறார். உருமாறும்போதே சுருங்குகிற இவர்களை ஒரே அளவுகோலில் வைக்க முடியாது. ஆப்டிமஸின் டிரெய்லர் உருமாறும்போது சட்டத்தை விட்டு உருண்டு போய்க் காணாமல் போவதையும் ஒரு குறிப்பாகச் சேருங்கள்.

நிறத்துக்குப் பகல்காட்சிகளை மட்டும் பாருங்கள். ஸ்டார்ஸ்கிரீம், தண்டர்கிராக்கர், ஸ்கைவார்ப் மூவருக்கும் ஒரே உடல். நிறத்தை வைத்துத்தான் ஆளைப் பிரிக்க வேண்டும். நிறம் மாற்றிப் பூசிய சட்டங்களும் தொடரில் ஏராளம். குரலையும் சேர்த்துக் கேட்டு உறுதிசெய்த பிறகே எழுதுங்கள், பிழைச் சட்டங்களைத் தனிப் பட்டியலாக வையுங்கள். அச்சில் நீலம்தான் ஏமாற்றும். சியான் என்ற இளநீல மை 100 விழுக்காடு இருக்கும்போது மெஜந்தா என்ற கருஞ்சிவப்பு மை 80-ஐத் தாண்டினால் ஆப்டிமஸின் கால்கள் ஊதாவாகிவிடும். 60-இல் தொடங்கிச் சோதித்துப் பாருங்கள்.

சிவப்புத் தாள் பக்கம்

பழைய பெட்டிகளின் பின்புறம் வலிமை, அறிவு, வேகம், தாங்குதிறன், பதவி, துணிவு, சுடுதிறன், திறமை என்று எட்டு மதிப்புகள் 1 முதல் 10 வரை வரைபடமாக இருக்கும். வெறுங்கண்ணுக்குத் தெரியாது, உடன் வரும் சிவப்புத் தாளை வைத்தால்தான் தெரியும். இதைச் செய்யாமல் புத்தகத்தை முடிக்காதீர்கள், பிள்ளைகள் முதலில் திறக்கும் பக்கம் இது.

சிவப்புத் தாள் வழியே பார்த்தால் சிவப்பும் வெள்ளையும் ஒன்றாகும், சியான் கருக்கும். எனவே வரைபடக் கோட்டை 35 விழுக்காடு சியானில் வரையுங்கள். அதன்மேல் மெஜந்தா 70, மஞ்சள் 70 கலந்த சிவப்பில் குறுக்கும் நெடுக்குமாகக் கிறுக்கல் கோடுகளைப் பரப்புங்கள். மேல் அடுக்கை, கீழ் நிறத்தை மறைக்காமல் அதன்மேல் கலக்கும் ‘மல்டிப்ளை’ முறையில் வையுங்கள். இல்லையென்றால் கிறுக்கல் படும் இடத்தில் சியான் வெட்டுப்பட்டு, தாள் வைத்ததும் கோடு துண்டுதுண்டாகத் தெரியும். கோப்பைத் திரைக்கான ஆர்ஜிபி நிறத்தில் கொடுத்தால், அச்சு இயந்திரம் மாற்றும்போது சிவப்புக்குள் கொஞ்சம் கறுப்பும் சியானும் கலந்துவிடும். அப்போது தாளை வைத்தாலும் கிறுக்கல் போகாது. அச்சு மைகளுக்கான சிஎம்ஒய்கே கோப்பாகவே கொடுங்கள். முழுப்பக்கம் அடிக்கும் முன் 20, 30, 40, 50 விழுக்காட்டுச் சியான் கட்டங்களை ஒரு துண்டுத் தாளில் அடித்துப் பாருங்கள். ஜெராக்ஸ் கடைக்குக் கடை இயந்திரம் மாறும். தாளுக்குச் சிவப்புக் கண்ணாடிப் பேப்பர் போதும். ஓர் அடுக்கு பற்றாது, இரண்டாக மடித்து அட்டைச் சட்டத்தில் ஒட்டி, பின்னட்டைப் பையில் வையுங்கள்.

பெயர் அகராதி

கணினியை வரிசைப்படுத்தச் சொல்லிவிட்டு நம்பி உட்காராதீர்கள். எழுத்துக் குறியீட்டு எண்படி அடுக்கும் மென்பொருள் ஜாஸ் என்ற பாத்திரத்தை ‘ச’வுக்கும் ‘ஞ’வுக்கும் நடுவே கொண்டுபோய் வைக்கும், புள்ளி வைத்த எழுத்தை உயிர்மெய் எல்லாம் முடிந்த பிறகு வைக்கும். நம் அகராதி வரிசையில் ஜ, ஷ, ஸ, ஹ நான்கும் ‘ன’வுக்குப் பின், க் என்பது ‘க’வுக்கு முன். ஐந்து பக்கத்தையும் ஒருவர் விரல் வைத்துச் சரிபார்க்க வேண்டும். பெயர் எழுதும் முறையையும் முன்பே முடிவுசெய்யுங்கள். பம்பில்பீ என்று ஒருவரும் பம்பிள்பீ என்று இன்னொருவரும் எழுதினால் அகராதியில் இரண்டு ஆளாகிவிடுவார். ஆரியங்காவு, தென்மலைப் பக்கம் வீட்டில் தமிழ் பேசிப் பள்ளியில் மலையாளம் படிக்கும் பிள்ளைகள் பலர். பெயருக்குப் பக்கத்தில் மலையாள எழுத்திலும் போட்டால் அவர்களும் தேடிக்கொள்வார்கள். ஜப்பானியப் பெயரையும் தனிப் பதிவாகச் சேருங்கள். ஆப்டிமஸ் பிரைம் அங்கே கான்வாய், எதிரணியான டிசெப்டிகான்கள் டெஸ்ட்ரான்கள். நல்லணியான ஆட்டோபாட்களின் அணிக்கே சைபர்ட்ரான் என்று பெயர், கிரகத்தோடு குழம்பும்.

தாளும் தையலும்

பக்கக் கணக்கு: முன்பகுதி 4, அத்தியாயங்கள் 49, பாத்திரங்கள் 40, உயரமும் நிறமும் சிவப்புத் தாள் பக்கமும் 6, முரண்கள் 4, அகராதி 5, திருத்தம் எழுத வெற்றுப்பக்கம் 4. ஆக 112. ஏ5 அளவில் இது 28 ஏ4 தாள், நான்கு தாளைச் சேர்த்து மடித்தது ஒரு மடிப்பு, ஆக ஏழு மடிப்பு.

சாதாரண ஏ4 தாளில் நார் பெரும்பாலும் நீளவாக்கில் ஓடும். அதை ஏ5 ஆக மடித்தால் நாருக்குக் குறுக்கே மடிப்பு விழும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரல் காற்று அடிக்கும் நம் பக்கத்தில் அந்தப் புத்தகம் முதுகோரம் அலையலையாகிவிடும். நீளவாக்கு நாருள்ள ஏ3 தாளை வாங்கிப் பாதியாக வெட்டிக்கொண்டால் நார் முதுகோடு ஒத்துப்போகும். சந்தேகமிருந்தால் ஒரு சதுரத் துண்டின் ஒரு பக்கத்தை மட்டும் நனையுங்கள். அது குழாயாகச் சுருளும், குழாய் கிடக்கும் திசைதான் நாரின் திசை. 80 ஜிஎஸ்எம் கனமுள்ள தாள் போதும், 70 என்றால் சிவப்புத் தாள் பக்கத்தில் பின்பக்க எழுத்து தெரியும். சாரலில் பிரித்துவைத்த தாள் ஈரம் ஏறி இயந்திரத்தில் சிக்கும், டோனர் விரலில் ஒட்டும். அச்சடிக்கும் நாள் வரை கட்டைப் பிரிக்காதீர்கள். எழுத்துரு உள்ளே பதிந்த பிடிஎஃப் ஆகக் கொடுங்கள். வேறொரு கணினியில் திறந்து கொ, கோ, கை உடையாமல் வருகிறதா என்று பாருங்கள்.

சென்டர் பின் 112 பக்கத்துக்குத் தாங்காது, உள்தாள்கள் வெளியே துருத்தும். சூடான பசையால் ஒட்டும் பெர்ஃபெக்ட் பைண்டிங், விரித்து மேசையில் வைத்துப் பார்க்க வேண்டிய இந்தப் புத்தகத்துக்கு ஒத்துவராது. நாலு தடவை விரித்தால் பக்கம் கையோடு வரும். ஆகவே தையுங்கள். ஒவ்வொரு மடிப்பின் முதுகிலும் தலையிலிருந்து 15, 51, 87, 123, 159, 195 மில்லிமீட்டரில் ஆறு துளை. மெழுகு தடவிய பருத்தி நூல் சுமார் 190 செ.மீ. முதல் துளையில் நுழைந்து உள்ளும் வெளியுமாகக் கடைசித் துளைக்குப் போய், அடுத்த மடிப்பை மேலே வைத்து அதே போலத் திரும்புங்கள். மூன்றாம் மடிப்பிலிருந்து ஒவ்வொரு முனையிலும் ஊசியைக் கீழ் மடிப்பின் நூலுக்குள் விட்டு முடிச்சிடுங்கள். இதை விட்டால் மடிப்புகள் ஆடும். நூலை முதுகின் போக்கிலேயே இழுங்கள், செங்குத்தாக இழுத்தால் துளை கிழியும்.

முதுகுக்குப் ஃபெவிகாலை மெல்லிசாக இரண்டு பூச்சு. மைதாப் பசை வேண்டாம். மயில்துத்தம் கலந்தால் பூச்சி அண்டாதுதான். ஆனால் அது விஷம், பிள்ளைகள் புழங்கும் புத்தகத்துக்கு ஆகாது. கலக்காத பசையைத் தேடி ராமபாணப் பூச்சியும் கரப்பானும் வரும். அட்டைக்கு 300 ஜிஎஸ்எம் ஆர்ட் கார்டு. முதுகின் கனம் தாள் கணக்கில் ஐந்தரை மில்லிமீட்டர் வரும், நூல் அதைக் கொஞ்சம் உப்பவைக்கும். தைத்து முடித்த பிறகு அளந்துதான் அட்டையில் மடிப்புக்கோடு போட வேண்டும். கனமான பலகையை ஏற்றி ஒரு நாள் வையுங்கள், சாரல் நாளென்றால் இரண்டு நாள். நன்றாகக் காய்ந்த பிறகே மூன்று ஓரத்தையும் வெட்டக் கொடுங்கள். ஈரத்தோடு வெட்டினால் முதுகு நழுவி ஓரம் சாய்வாக விழும்.