ஆன்டிபயாட்டிக் வியாபாரத்தைப் புரிந்துகொள்வதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மருந்து மொத்தக் கடைக்குள் நுழைந்தால் கையெட்டும் தூரத்தில் இருப்பதெல்லாம் ஓடுகிற சரக்கு. அமாக்ஸிசிலின்-கிளாவுலனேட், அஜித்ரோமைசின், செஃபிக்ஸிம் மாதிரியான ஆன்டிபயாட்டிக்குகள். பெட்டி பெட்டியாக வந்து இறங்கும், சாயங்காலத்துக்குள் பாதி கிளம்பிவிடும். உள்ளே பூட்டிய அலமாரியிலும் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டிலும் ஐசியூ நோயாளிகளுக்கான ஆன்டிபயாட்டிக் ஊசி மருந்துகள் நாலைந்து குப்பிகள் கிடக்கும். ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கில் விலை. மாதத்துக்கு ஒன்று போனால் பெரிது. எக்ஸ்பைரி நெருங்க நெருங்க முதலாளிக்கு வயிற்றைக் கலக்கும்.

அப்படியொரு கடையில் சில வருஷம் கணக்கு எழுதியவன் நான். ஓடாத அந்தக் குப்பிகள்தான் வேறெதுவும் கேட்காதபோது உயிரைப் பிடித்து நிறுத்துபவை என்பது மெதுவாகத்தான் உறைத்தது. மற்ற சரக்குக்குப் போடும் கணக்கை அப்படியே ஆன்டிபயாட்டிக்குக்கும் போடுவதால்தான் பலர் சறுக்குகிறார்கள். பங்கு வாங்குகிறவர்கள், செய்தி எழுதுகிறவர்கள், மருந்தியல் மாணவர்கள் என்று யாரும் விலக்கல்ல.

புது மருந்து வந்தால் பணம் கொட்டும் என்று நினைப்பது

முதல் தவறு இதுதான், இதில் நஷ்டப்பட்டவர்களும் அதிகம். 2018 ஜூனில் அமெரிக்காவின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்டிஏ, பிளாசோமைசின் என்ற ஊசி மருந்துக்கு அனுமதி தந்தது. மற்ற மருந்துகளுக்கு மசியாத கிருமிகளால் வரும் சிக்கலான சிறுநீர்த் தொற்றுக்கானது. உருவாக்கியது கலிஃபோர்னியாவின் அகேயோஜென் நிறுவனம். அனுமதி கிடைத்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, 2019 ஏப்ரலில் அந்தக் கம்பெனி திவால் மனு போட்டது. அதே ஆண்டு உலக சுகாதார நிறுவனம் பிளாசோமைசினை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. ஏலத்தில், சீனா நீங்கலாக மற்ற நாடுகளுக்கான உரிமையை நம்ம ஊர் சிப்லா குழுமம் எடுத்துக்கொண்டது. 2019 டிசம்பரில் மெலின்டா என்ற இன்னொரு ஆன்டிபயாட்டிக் கம்பெனியும் திவால் நீதிமன்றப் படியேறியது.

மருந்து சரியாகத்தான் வேலை செய்தது. அது விற்கும் விதம் வேறு. சர்க்கரை மாத்திரை ஆரம்பித்தவர் ஆயுளுக்கும் வாடிக்கையாளர். ஆன்டிபயாட்டிக் ஐந்து நாள், பத்து நாள், மிஞ்சினால் இரண்டு வாரம். அதிலும் புதிதாக வந்த வலுவான மருந்தை நல்ல டாக்டர் உடனே எழுதமாட்டார். பழையது கேட்கும்வரை பழையதே. புதியதை அதிகம் பயன்படுத்தினால் கிருமிக்கு அதுவும் பழகிவிடும் என்பது அவருக்குத் தெரியும். மருத்துவமனையின் ஆன்டிபயாட்டிக் குழுவும் கையொப்பம் இல்லாமல் வெளியே விடாது. மருத்துவம் சரியாக நடந்தால் கம்பெனிக்கு விற்பனை நடக்காது. மருந்து வியாபாரத்தில் இப்படி வேறெங்கும் பார்த்ததில்லை.

அதனால்தான் பெரிய கம்பெனிகள் நைஸாகக் கழன்றுகொண்டன. ஆஸ்ட்ராஜெனெகா 2016-ல் தன் ஆன்டிபயாட்டிக் தொழிலின் பெரும்பகுதியை ஃபைசருக்கு விற்றது. சனோஃபி 2018-ல் ஆராய்ச்சியைக் கைமாற்றியது. அதே ஆண்டு நோவார்டிஸ் கடையைக் கட்டியது. கேன்சர் மருந்தில் வரும் லாபத்தைப் பார்த்த நிர்வாகக் குழு வேறென்ன முடிவெடுக்கும்?

சென்னைக்காரர்களுக்கு நெருக்கமான கதை ஒன்று உண்டு. 1992-ல் சென்னையில் தொடங்கிய ஆர்க்கிட், செஃபலோஸ்போரின் வகை ஆன்டிபயாட்டிக்குகளில் பெயரெடுத்த கம்பெனி. எதிர்ப்புப் பெற்ற பாக்டீரியா ஒரு நொதியைச் சுரந்து மருந்தைத் துண்டாக்கிவிடும். அந்த நொதியின் கையைக் கட்டிப்போடும் என்மெட்டாசோபாக்டம் என்ற மூலக்கூறு ஆர்க்கிடின் ஆய்வகத்தில் பிறந்தது. அதை மேற்கொண்டு வளர்க்கும் உரிமை அலெக்ரா என்ற ஐரோப்பிய நிறுவனத்துக்குப் போனது. செஃபெபைம் என்ற பழைய ஆன்டிபயாட்டிக்குடன் இதைச் சேர்த்த மருந்துக்கு 2024 பிப்ரவரியில் எஃப்டிஏ அனுமதி வந்தது. இந்தியாவில் கண்டுபிடித்த ஒரு புது மூலக்கூறு அங்கே அனுமதி பெற்றது அதுவே முதல்முறை. ஆனால் அந்த நாள் வருவதற்கு முன்பே ஆர்க்கிட் கடனில் மூழ்கி, 2017-ல் திவால் நடைமுறைக்குள் போய், 2020-ல் தனுகா குழுமத்தின் கைக்கு மாறியிருந்தது. கடனுக்குக் காரணம் இந்த மருந்தல்ல, அதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் ஒரு ஆன்டிபயாட்டிக் ஆய்வகத்தை விட்டுக் கடைக்கு வருவதற்குள் எத்தனை கை மாறும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேட வேண்டியதில்லை. “அனுமதி கிடைத்தது” என்ற செய்தியைப் பார்த்ததும் பங்கு வாங்க ஓடுகிறவர்கள், யார் வாங்குவார்கள், மாதத்துக்கு எத்தனை குப்பி என்று கேட்டுவிட்டு ஓடலாம்.

விற்பனை ஏறினால் சந்தை நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்வது

மழைக்காலம் வந்தால் ஆன்டிபயாட்டிக் விற்பனை ஏறும். மெடிக்கல் ரெப்புகளின் டார்கெட்டும் அதையொட்டியே போடப்படும். மழைக்காலச் சளிக்காய்ச்சலில் பெரும்பாலானவை வைரஸால் வருபவை, ஆன்டிபயாட்டிக்குக்கு அங்கே வேலையே இல்லை. கடை மேஜையில் நடப்பது வேறு. “அண்ணே, தொண்டை கட்டிருச்சு, மூணு அஜித்ரோ குடுங்க.” கத்திரிக்கோல் எடுப்பார், அட்டையை வெட்டுவார், பழைய செய்தித்தாளில் மடித்துக் கொடுப்பார். பில் கிடையாது.

கொரோனா காலத்தில் இது உச்சத்துக்குப் போனது. மருத்துவமனையில் சேர்ந்த கொரோனா நோயாளிகளுக்கு அஜித்ரோமைசினால் பலனில்லை என்று பிரிட்டனின் ரெகவரி ஆய்வு 2020 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது. 2021-ல் இரண்டாம் அலை வந்தபோதும் இங்கே சீட்டுக்குச் சீட்டு அதே பெயர். அந்தக் காலத்து விற்பனை எண்ணை அடிப்படையாக வைத்து வளர்ச்சி விகிதம் போடுகிற அறிக்கை எதுவாக இருந்தாலும் நான் மூடி வைத்துவிடுவேன்.

ஆகவே எவ்வளவு விற்றது என்பதை விட எந்த வகை விற்றது என்று பாருங்கள். உலக சுகாதார நிறுவனம் ஆன்டிபயாட்டிக்குகளை ஆக்சஸ், வாட்ச், ரிசர்வ் என்று மூன்றாகப் பிரித்திருக்கிறது. முதலில் எழுத வேண்டியவை, கவனித்து எழுத வேண்டியவை, கடைசிக்கு வைத்திருக்க வேண்டியவை. மனிதர்களுக்குப் பயன்படுவதில் குறைந்தது 70 சதவீதம் முதல் வகையாக இருக்க வேண்டும், அதுவும் 2030-க்குள் என்று 2024 செப்டம்பரில் ஐ.நா. பொதுச்சபையில் நாடுகள் ஒப்புக்கொண்டன. நம் கடையில் கையெட்டும் தூரத்தில் இருந்த மூன்றில் அஜித்ரோமைசினும் செஃபிக்ஸிமும் வாட்ச் வகை. மருந்து விதிகளில் 2014 மார்ச் முதல் அமலில் இருக்கும் ஹெச்1 அட்டவணைப்படி குறிப்பிட்ட ஆன்டிபயாட்டிக்குகளை விற்றால் டாக்டர் பெயர், நோயாளி பெயர், அளவு எல்லாம் தனிப் பதிவேட்டில் ஏற வேண்டும். பதிவேடு மூன்று வருஷம் இருக்க வேண்டும். இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று தெரிந்ததும் ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில் இரண்டு மாதத்துப் பக்கங்கள் நிரம்புவதை நான் பார்த்திருக்கிறேன்.

நூறு பிராண்டு இருந்தால் நூறு வழி இருக்கிறது என்று நம்புவது

பெரிய மருத்துவமனைகளில் தினமும் ஓடும் ஊசி மருந்து பிபெராசிலின்-டாசோபாக்டம். அதற்கு எத்தனை பிராண்டு என்று எண்ணி முடியாது. ஆனால் 2016 அக்டோபரில் சீனாவின் ஜினான் நகரில் ஒரே ஒரு ஆலையில் வெடிவிபத்து நடந்ததும், அடுத்த வருஷம் உலகின் பல நாடுகளில் இந்த மருந்துக்குத் தட்டுப்பாடு. மேலே ஒட்டும் லேபிள்தான் நூறு, உள்ளே போகும் மூலப்பொருள் சில ஆலைகளிலிருந்தே வருகிறது.

“உலகத்துக்கே மருந்துக்கடை இந்தியா” என்று சொல்லும்போதும் இதைத்தான் மறந்துவிடுகிறோம். மாத்திரையாக அடித்து, அட்டையில் அடைப்பதில் நாம் கில்லாடிகள். அமாக்ஸிசிலினுக்கு அடியில் 6-ஏபிஏ என்ற மூலப்பொருள், அதற்கும் அடியில் பெனிசிலின் ஜி. பெரிய பெரிய தொட்டிகளில் பூஞ்சையை வளர்த்து, சர்க்கரை ஊட்டி, நாள்கணக்கில் காற்றடித்து எடுக்க வேண்டிய பொருள் அது. கரண்டும் நீராவியும் மலிவாகக் கிடைக்காவிட்டால் கட்டுப்படியாகாது. புனே அருகே பிம்ப்ரியில் 1954-ல் ஹிந்துஸ்தான் ஆன்டிபயாட்டிக்ஸ் தொடங்கிய நாடு இது. பிறகு தனியார் ஆலைகளும் வந்தன. சீன விலைக்கு ஈடுகொடுக்க முடியாமல் ஒவ்வொன்றாக நின்றன.

மறுபடி தொடங்க, மூலப்பொருள்களுக்கென்று மத்திய அரசு 2020-ல் 6,940 கோடி ரூபாய் ஊக்கத்தொகைத் திட்டம் கொண்டுவந்தது. அதன் பலனாக அரபிந்தோ குழுமத்தின் லைஃபியஸ், காக்கிநாடா பக்கம் ஆண்டுக்கு 15,000 டன் திறனுள்ள பெனிசிலின் ஜி ஆலையைக் கட்டியது. 2024 அக்டோபரில் திறப்புவிழா. சரி, பிரச்சினை தீர்ந்ததா? உள்நாட்டில் உற்பத்தி தொடங்கினால் சீனா பக்கம் விலையை இறக்குவார்கள் என்பது மருந்து வியாபாரத்தில் எல்லோருக்கும் தெரியும். குறைந்தபட்ச இறக்குமதி விலை நிர்ணயிக்கலாமா என்ற பேச்சு 2025-ல் எழுந்தது. வைத்தால் ஆலை பிழைக்கும், மாத்திரை அடிக்கும் சின்னக் கம்பெனிகளுக்குச் செலவு ஏறும். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. எனக்கு ஆலை பக்கம்தான் சாய்வு.

மலிவு மருந்து எப்போதும் கிடைக்கும் என்பதும் இதே நம்பிக்கையின் இன்னொரு முகம். ருமாட்டிக் காய்ச்சல் வந்த குழந்தைக்கு இதய வால்வு கெடாமல் இருக்க, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை பென்சத்தின் பெனிசிலின் ஊசி போட வேண்டும், வருஷக்கணக்கில். காப்புரிமை முடிந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது, விலையும் சொற்பம். அதனாலேயே தயாரிப்பவர்கள் குறைந்து, உலகம் முழுக்க அடிக்கடி தட்டுப்பாடு. லாபமில்லாத மருந்தை யாரும் அறிவித்துவிட்டு நிறுத்துவதில்லை. “கம்பெனி சப்ளை இல்லை சார்” என்ற பதிலோடு முடிந்துவிடும். 2024 அக்டோபரில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் பென்சைல்பெனிசிலின், ஸ்ட்ரெப்டோமைசின் உள்ளிட்ட சில பழைய மருந்துகளின் உச்சவரம்பு விலையை 50 சதவீதம் ஏற்றியது. ஏழை வயிற்றில் அடித்துவிட்டார்கள் என்று பலர் கொதித்தார்கள். கோபம் புரிகிறது. ஆனால் பழைய விலையில் கடையில் இல்லாத ஊசியால் யாருக்கு லாபம்?

மலிவுக்கு இன்னொரு கணக்கும் உண்டு, பில்லில் வராதது. ஹைதராபாத் அருகே பட்டஞ்செருவில் பல மருந்து ஆலைகளின் கழிவைச் சுத்திகரித்து வெளியேற்றிய நீரில், ஒரு லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்ஸசின் என்ற ஆன்டிபயாட்டிக் இருந்ததை ஸ்வீடன் ஆய்வாளர்கள் 2007-ல் வெளியிட்டார்கள். மருந்து சாப்பிட்டவர் ரத்தத்தில் இருப்பதைவிட அதிகம். கழிவுநீரில் ஆன்டிபயாட்டிக்குக்கு வரம்பு வைக்கும் வரைவு 2020-ல் இங்கே வந்தது. இறுதி அறிவிக்கையில் அந்த வரம்புகள் இல்லை.

காப்புரிமையை நீட்டினால் போதும் என்பது

அமெரிக்கா 2012-ல் ஏறக்குறைய அதைச் செய்து பார்த்தது. தகுதியான புது ஆன்டிபயாட்டிக்குக்குக் கூடுதலாக ஐந்து வருஷம் போட்டியில்லாத சந்தை. அகேயோஜென் விழுந்தது அதற்குப் பிறகுதான். விற்காத பொருளுக்கு இன்னும் ஐந்து வருஷம் ஏகபோகம் கொடுத்து என்ன செய்ய?

நம் ஏரிப்பாசன ஊர்களில் நீர்கட்டி என்று ஒருவர் இருந்தார். மதகைத் திறப்பது, மூடுவது, வயலுக்கு வயல் தண்ணீர் திருப்புவது அவர் பொறுப்பு. எத்தனை முறை திறந்தார் என்று எண்ணி யாரும் கூலி கொடுக்கவில்லை. அறுவடை முடிந்ததும் ஆளுக்கு இவ்வளவு நெல் என்று அளந்துவிடுவார்கள். திறப்புக்குக் கூலி என்றால் அவர் தினமும் திறந்திருப்பார், ஏரி தை மாதத்துக்குள் வறண்டிருக்கும். இங்கிலாந்து 2022-ல் செய்தது ஏறக்குறைய இதுதான். செஃபிடெரோகால், செஃப்டாசிடிம்-அவிபாக்டம் என்ற இரண்டு மருந்துகளுக்கும் எத்தனை குப்பி போனாலும் போகாவிட்டாலும் தலா ஆண்டுக்கு ஒரு கோடி பவுண்டு வரை என்று ஒப்பந்தம். கம்பெனிக்கு அதிகம் விற்கும் ஆசை போய்விடுகிறது, மருந்தும் கையிருப்பில் இருக்கிறது. அமெரிக்காவில் இதே மாதிரி பாஸ்டர் சட்ட மசோதா பலமுறை வந்தும் கரையேறவில்லை.

நம் ஊரில் இன்னும் குப்பிக் கணக்குதான். ராத்திரி பதினொரு மணிக்கு ஏதாவது மருத்துவமனையிலிருந்து போன் வரும், “அந்த ஊசி ரெண்டு இருக்கா?” என்று. முதலாளி அலமாரியைத் திறந்து டார்ச் அடித்துத் தேதியைப் பார்ப்பார். போன மாதமே முடிந்திருக்கும். கம்பெனிக்குத் திருப்பி அனுப்ப வேண்டிய அட்டைப்பெட்டியில் அதைப் போட்டுவிட்டு, அடுத்த ஸ்டாக்கிஸ்டின் நம்பரைத் தேடுவார்.