பீட்டில்ஸ் இசைக்குழு பிரிந்த கதையைப் படமாக்க

முதலில் பாட்டு உரிமை. மெட்டுக்கும் வரிகளுக்கும் ஓர் உரிமை, ஒலிப்பதிவுக்கு வேறோர் உரிமை. முதலாவது மட்டும் கிடைத்தால் எல்லாப் பாட்டையும் புதிதாகப் பாடிப் பதிய வேண்டும்.

பக்கத்துக்கு ஒரு நிமிடம் என்று 120 பக்கம் எழுதுங்கள். குழு தொடக்கத்தில் வாசித்த ஹாம்பர்க் இரவு விடுதிகளுக்கு 15 போதும். பிரிவின் பழியை, குழுவின் ஜான் லெனனை மணந்த யோகோ ஓனோ தலையில் கட்டுவதுதான் வழக்கமான சறுக்கல். 1967 ஆகஸ்டில் மேலாளர் பிரையன் எப்ஸ்டீன் இறந்ததிலிருந்து விரிசலைக் காட்டுங்கள்: கணக்கு வழக்கு பார்க்க ஆளில்லை, 1969-இல் ஆலன் கிளைனைப் புதிய மேலாளராகக் குழுவின் மூவர் ஏற்க, நான்காமவரான பால் மெக்கார்ட்னி மறுத்தார். 1970 டிசம்பர் 31-இல் கூட்டைக் கலைக்கக் கோரி மற்ற மூவர் மீது வழக்கே போட்டார்.

மெக்கார்ட்னி இடக்கையர். வலக்கை நடிகரை வைத்து எடுத்துவிட்டுக் காட்சியை இடவலமாகத் திருப்பினால் சட்டைப் பொத்தான் காட்டிக்கொடுத்துவிடும். டிரம் வாசித்த ரிங்கோவும் இடக்கையர்தான், ஆனால் வலக்கை டிரம் செட்டில் வாசித்தவர்.