வளவு வீட்டு நாய்க்கும் பூனைக்கும் ஒரு பேரேடு

செட்டிநாட்டு வீட்டில் நாய் யாருடையது என்று கேட்டால் உடனே பதில் கிடைப்பதில்லை. பங்காளிகள் மூவர் புழங்கும் வீட்டின் முகப்பில் படுத்திருக்கும் நாய்க்குக் காலையில் ஒருவர் பால் ஊற்றுவார். மதியம் இரண்டாங்கட்டிலிருந்து, அதாவது வீட்டின் இரண்டாம் முற்றப் பகுதியிலிருந்து, ஓர் ஆச்சி சோறு வைப்பார். இரவில் காவல்காரர் தம் சாப்பாட்டில் ஒரு பிடி எடுத்துப் போடுவார். சோறு இப்படி மூன்று பக்கத்திலிருந்தும் வந்துவிடுகிறது. தடுப்பூசியோ ஒரு பக்கத்திலிருந்தும் வருவதில்லை, ஏனெனில் மற்றவர் போட்டிருப்பார் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொள்கிறார்கள். பூச்சி மருந்தில் இதற்கு நேர்மாறாகவும் நடப்பதுண்டு: ஒரே வாரத்தில் இரண்டு பேர் கொடுத்துவிடுவார்கள்.

ஆகவே முதலில் வாங்க வேண்டியது மருந்தன்று, ஒரு நோட்டுப் புத்தகம். பற்று வரவு எழுதுவதில் பெயர் வாங்கிய ஊர்களில் இதை யாருக்கும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. குட்டி பிறந்த தேதி (தெரியாவிட்டால் தோராயமான மாதம்), எடை, போட்ட ஊசி, கொடுத்த மருந்து, அடுத்த தவணைத் தேதி ஆகியவற்றை எழுதி, அடுப்படியில் நாட்காட்டி தொங்கும் ஆணியிலேயே அதையும் மாட்டிவிடுங்கள். ஊசி மருந்துக் குப்பியில் ஒட்டியிருக்கும் சிறு சீட்டை மருத்துவர் உரித்துத் தடுப்பூசி அட்டையில் ஒட்டித் தருவார். அந்த அட்டையும் இதற்குள்ளேயே இருக்கட்டும். கைப்பேசியில் குறித்துக்கொண்டால் போதாதா என்று பிள்ளைகள் கேட்பார்கள். கைப்பேசி சென்னைக்கோ சிங்கப்பூருக்கோ போய்விடும், நாய் காரைக்குடியில்தான் இருக்கும். வீட்டைப் பூட்டிவிட்டு வெளியூரில் இருப்பவர்கள், உண்மையில் நாயோடு இருக்கும் காவல்காரர் கையில் புத்தகத்தையும் மருத்துவச் செலவுக்கான பணத்தையும் கொடுத்துவிட்டுச் செல்வதே முறை.

குட்டி வந்தவுடன் தடுப்பூசிக் கணக்கு தொடங்குகிறது. ஆறிலிருந்து எட்டு வார வயதில் முதல் ஊசியும், பிறகு மூன்று அல்லது நான்கு வார இடைவெளியில் அடுத்தடுத்த ஊசிகளும், பதினாறு வாரத்தை எட்டும்வரை போடப்பட வேண்டும். பார்வோ என்ற கழிச்சல் நோய், டிஸ்டெம்பர் என்ற தொற்றுநோய், நாய்க்கு வரும் கல்லீரல் அழற்சி, எலிக்காய்ச்சல் ஆகியவற்றுக்கான மருந்து பெரும்பாலும் ஒரே கூட்டு ஊசியாக இருக்கும். ஒரே மருந்தை ஏன் மூன்று முறை போட வேண்டும், இது மருத்துவரின் வியாபாரமா என்ற சந்தேகம் பலருக்கு உண்டு. காரணம் தாய்ப்பாலில் இருக்கிறது. பிறந்தவுடன் குடிக்கும் சீம்பாலின் வழியாகத் தாயின் எதிர்ப்புச் சக்தி குட்டிக்குக் கிடைக்கிறது. அது குட்டியைக் காப்பதோடு, ஊசி மருந்தையும் நோய்க்கிருமி என்றே கருதி அழித்துவிடுகிறது. அந்தச் சக்தி எந்த வாரத்தில் வற்றும் என்பது குட்டிக்குக் குட்டி மாறுபடும்: ஒன்றுக்கு எட்டாம் வாரத்திலேயே வற்றிவிடும், மற்றொன்றுக்குப் பதினான்காம் வாரம்வரை நிற்கும். எந்த ஊசி உண்மையில் பிடிக்கும் என்பது யாருக்கும் முன்கூட்டித் தெரியாததால்தான் தொடர்ந்து போடுகிறார்கள். ஆகவே முதல் ஊசி போட்டாயிற்று என்று நிம்மதியாக இருப்பதில் பொருளில்லை. கடைசித் தவணை முடிந்து இரண்டு வாரம் ஆகும்வரை குட்டியைத் தெருவில் இறக்காமல் இருப்பது நல்லது.

இதை நாங்கள் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். தேவகோட்டையில் உறவினர் வீட்டிலிருந்து கொண்டுவந்த கறுப்பு நாட்டுக் குட்டிக்கு நாற்பத்தைந்தாம் நாள் முதல் ஊசி போட்டோம். இரண்டாவது ஊசிக்கான தேதி, வீட்டில் அறுபதாம் கல்யாணம் நடந்த வாரத்தில் வந்தது. கல்யாணம் முடியட்டும் என்று தள்ளினோம். முடிந்த பிறகு மறந்தோம். ஒரு காலையில் குட்டி பால் வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டது, மாலைக்குள் வாந்தி, மறுநாள் இரத்தம் கலந்த கடும் நாற்றமுள்ள கழிச்சல், நான்காம் நாள் அது இல்லை. பார்வோ கிருமி நிழலான மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும் என்பதையும், வழக்கமான பினாயிலுக்கு அது பெரும்பாலும் அசையாது என்பதையும், நீர்த்த பிளீச்சிங் கரைசலுக்கே அது அடங்கும் என்பதையும் அதற்குப் பிறகுதான் மருத்துவர் சொன்னார். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் பிளீச்சிங் ஊற்றும் முன் ஓர் ஓரத்தில் சோதித்துப் பாருங்கள், நிறம் வெளுக்கக்கூடும். ஆசிட்டை அந்தத் தரையின் பக்கமே கொண்டுபோக வேண்டாம். அடுத்த குட்டியை எல்லாத் தவணைகளும் முடிந்த பிறகே வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

வெறிநோய் (ரேபிஸ்) ஊசி தனிக் கணக்கு. மூன்று மாத வயதில் முதல் ஊசி, அதன் பிறகு மருத்துவர் குறிக்கும் நாளில் ஊக்க ஊசி, பின்னர் ஆண்டுதோறும் ஒன்று. வீட்டைவிட்டு வெளியே போகாத நாய்க்கும் இது வேண்டும், பூனைக்கும் வேண்டும். ஏனெனில் நம் வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடிகின்றன, பின்வாசல் கதவு எப்போது திறந்திருந்தது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. லூயி பாஸ்டர் மறைந்த நாளான செப்டம்பர் 28, உலக வெறிநோய் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. அதையொட்டி அரசு கால்நடை மருத்துவமனைகளில் தடுப்பூசி முகாம்கள் நடத்தப்படுவது வழக்கம். நாய் கடித்தாலோ நகம் கீறினாலோ, அது ஊசி போட்ட நாயாகவே இருந்தாலும், காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றே மனிதர்களுக்கான மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். காயத்தில் சுண்ணாம்பு, காப்பித் தூள், மிளகாய் எதையும் வைக்கக் கூடாது. கடித்த நாயை அடித்து விரட்டாமல் பத்து நாள் கண்காணிப்பில் வைத்திருக்க வேண்டும். இந்த நோயின் அறிகுறி தோன்றிய பிறகு காப்பாற்ற மருந்து இல்லை என்பதால் இதில் மட்டும் சமரசம் கூடாது.

மருந்துக் கடையில் ஊசி மருந்தை வாங்கி வீட்டிலேயே போட்டுவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். அந்த மருந்து 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் இடைவிடாமல் இருந்தாக வேண்டும். சித்திரை வெயிலில் பையில் தொங்கவிட்டு வந்த மருந்து வெறும் தண்ணீருக்குச் சமமாகிவிடக்கூடும். ஊசி போட்ட பின் அரைமணி நேரம் மருத்துவமனையிலேயே காத்திருங்கள். ஒரு நாள் சோர்ந்து படுத்திருப்பது இயல்பே. முகம் வீங்கினாலோ தொடர்ந்து வாந்தி எடுத்தாலோ மூச்சுத் திணறினாலோ உடனே உள்ளே அழைத்துச் செல்லுங்கள்.

குடற்புழு நீக்கத்தில் பலரும் செய்யும் தவறு, காலம் கடந்து தொடங்குவது. உருளைப்புழு தாயின் வயிற்றிலிருந்தும் பாலிலிருந்தும் குட்டிக்குப் போய்விடுவதால், இரண்டு வார வயதிலேயே முதல் மருந்து கொடுக்க வேண்டும். மூன்று மாதம்வரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, ஆறு மாதம்வரை மாதம் ஒரு முறை, பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு முறை என்பது பொதுவான கணக்கு. மாத்திரையின் அளவு எடையைப் பொறுத்தது. நாயைத் தூக்கிக்கொண்டு எடை பார்க்கும் கருவியில் நின்று, பிறகு தனியாக நின்று, இரண்டையும் கழித்தால் எடை தெரிந்துவிடும். இந்தப் புழுக்களின் முட்டை மண்ணில் தங்கிக் குழந்தைகளின் வயிற்றுக்கும் போகும் என்பதால், மூன்றாங்கட்டு மண்ணில் பேரப்பிள்ளைகள் விளையாடும் வீட்டில் நாயின் கழிவை அன்றன்றே அள்ளிவிடுவது மருந்தைப் போலவே முக்கியம்.

இனி உண்ணி. நம் பகுதியின் வறண்ட வெயிலில் ஆண்டில் பெரும்பகுதியும் இதன் தொல்லை உண்டு. நாயின் மேல் நாம் காண்பது ஒரு பங்குதான். உண்ணி தன் வாழ்நாளில் பெரும்பகுதியைச் சுவர் இடுக்கிலும் தரை விரிசலிலும் கழிக்கிறது. வயிறு நிறைந்த பெண் உண்ணி கீழே விழுந்து, ஊர்ந்து போய், ஓர் இடுக்கில் ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுச் சாகும். முற்றத்தைச் சுற்றிய வளவின் தூண்களுக்குப் பின்னே முட்டைச் சுண்ணாம்பு பூசிய சுவர் கண்ணாடிபோல் வழவழப்பாக இருப்பதால் அங்கே அதற்கு இடமில்லை. காறை உதிர்ந்த பின்கட்டுச் சுவரும், நிலைக்கதவின் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள இடைவெளியும், நாய் படுக்கும் பழைய சாக்கும்தான் அதன் இருப்பிடம். சாக்கை எரித்துவிட்டு, கொதிநீரில் அலசக்கூடிய பழைய வேட்டியை விரியுங்கள், இடுக்குகளைப் பூசி அடையுங்கள், நாய்க்கு மருத்துவர் எழுதித் தரும் மாத்திரையையோ முதுகில் விடும் சொட்டு மருந்தையோ தவணை தவறாமல் கொடுங்கள். இவை மூன்றும் சேர்ந்தால்தான் பலன். ஒன்றை மட்டும் செய்துவிட்டு மருந்து கேட்கவில்லை என்று சொல்வதில் நியாயமில்லை.

மாலையில் திண்ணையில் உட்கார்ந்து நாயின் காதை மெல்ல மடித்துப் பாருங்கள். உட்புற மடிப்பில், கால்விரல்களின் இடுக்கில், கழுத்துப் பட்டையின் அடியில், வாலின் அடியில் விரல் நுனியால் தடவினால் மிளகு அளவில் ஏதோ தட்டுப்படும். நன்றாகக் குடித்தது ஆமணக்கு விதைபோல் சாம்பல் நிறத்தில் பளபளக்கும். இடுக்கியைத் தோலை ஒட்டி வைத்து, திருகாமல், நேராக, மெதுவாக இழுத்தால் தலையோடு வந்துவிடும். அதை நகத்தால் நசுக்காமல் சோப்புத் தண்ணீரில் போடுங்கள். மண்ணெண்ணெய் தடவுவதும் ஊதுபத்தியால் சுடுவதும் நாயைத்தான் வருத்தும். உண்ணியால் பரவும் எர்லிக்கியா, பபீசியா ஆகிய நோய்கள் இரத்த அணுக்களைத் தாக்குபவை. ஈறு வெளுத்தாலோ, மூக்கிலிருந்து இரத்தம் வந்தாலோ, சிறுநீர் காப்பி நிறத்தில் போனாலோ இரத்தப் பரிசோதனைக்கு உடனே அழைத்துச் செல்லுங்கள்.

ஓர் எச்சரிக்கை: நாய்க்கான உண்ணி மருந்தைப் பூனைக்குப் போடாதீர்கள். அவற்றில் சிலவற்றில் உள்ள பெர்மெத்ரின் பூனையைக் கொன்றுவிடும். காய்ச்சலுக்கு நாம் விழுங்கும் பாராசிட்டமால் மாத்திரையில் ஒரு துண்டே பூனைக்கு நஞ்சு.

ஐப்பசி, கார்த்திகை மழையில் கவலை எலியைப் பற்றியதாக மாறும். நெல்லும் பழைய சாமான்களும் அடைந்த அறைகளில் எலி இல்லாத வீடு இல்லை. அதன் சிறுநீர் கலந்த தேங்கிய நீரிலிருந்து எலிக்காய்ச்சல் நாய்க்கும், நாயிடமிருந்து மனிதருக்கும் வரும். ஆண்டு ஊசியை மழைக்கு முன்பே, புரட்டாசியில் போட்டுவிடுவது என் வழக்கம். ஊருணித் தண்ணீரைக் குடிக்க விடாமல், வீட்டில் கழுவிய பாத்திரத்தில் தினமும் புதுத் தண்ணீர் வையுங்கள்.

வெயில் காலத்தில் நடை, காலை ஏழு மணிக்கு முன்பு அல்லது இருட்டிய பிறகு. புறங்கையைத் தார்ச்சாலையில் ஐந்து வினாடி வைக்க முடியாவிட்டால் நாயின் பாதமும் அங்கே வேண்டாம். நாக்கு கருஞ்சிவப்பாகி, மூச்சு இரைத்து, தள்ளாடினால் நிழலில் கிடத்தி, சாதாரணத் தண்ணீரை உடம்பில் ஊற்றி, விசிறியபடியே மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள். ஐஸ் கட்டி வேண்டாம்.

உணவில் சங்கடமான ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும்: நம் சமையல் நாய்க்கு ஆகாது. சின்ன வெங்காயமும் பூண்டும் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பவை, அவை இல்லாத குழம்பு நம் வீட்டில் ஏது? விசேஷ வீட்டு இலையில் மிஞ்சிய பாயசத்திலுள்ள உலர்திராட்சை சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யக்கூடும். வெந்த எலும்பு கூராக உடைந்து குடலைக் குத்தும். உப்பும் காரமும் சேர்க்கும் முன்பே கறியையும் சோற்றையும் தனியே எடுத்து வைத்துவிட்டால் வேலை முடிந்தது. வளர்ந்த பூனைகளில் பலவற்றுக்குப் பால் செரிக்காமல் கழிச்சல் வரும் என்பதை ஆச்சிமார் ஏற்றுக்கொள்ளவே மாட்டார்கள்.

பூனையைப் பற்றிப் பொதுவாக யாரும் கவலைப்படுவதில்லை, அது ஓட்டுக்கு ஓடு தாவித் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் என்ற எண்ணம். அதற்கும் எட்டு வாரத்தில் தொடங்கும் கூட்டு ஊசி உண்டு. கடுவன் பூனை மண்ணைப் பறித்துக் குந்திக் குந்தி எழுந்தும் சிறுநீர் வராவிட்டால் மறுநாள்வரை காத்திருக்கக் கூடாது, அடைப்பு இரண்டு மூன்று நாளில் உயிரை வாங்கிவிடும். குட்டி வேண்டாம் என்றால் பெட்டைக்குக் கருத்தடை செய்துவிடுங்கள். கருப்பையில் சீழ் கட்டும் ஆபத்து அதோடு தீர்கிறது, முதல் பருவத்துக்கு முன்பே செய்தால் மடிக் கட்டியின் வாய்ப்பும் வெகுவாகக் குறைகிறது. கூண்டில் பச்சைக்கிளி வைத்திருப்பவர்கள் அதன் நலம் கேட்டால், நாட்டுக் கிளி வளர்ப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதைத்தான் முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது.

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம் ஒதுக்குங்கள். உதட்டைத் தூக்கி ஈறும் பல்லும் பாருங்கள். பல் துலக்க நாய்க்கான பசையே வேண்டும், நம்முடையது ஆகாது. காதை முகர்ந்து பாருங்கள், புளித்த வாடை வந்தால் உள்ளே அழற்சி. நகம் தரையில் டக் டக் என்று ஒலித்தால் வெட்டும் நேரம். பிறகு எடை பாருங்கள். சென்ற மாதம் 14 கிலோ இருந்த நாய் காரணமின்றி 12.5 ஆகியிருந்தால், அது வழக்கம்போல் வாலாட்டிச் சோறு தின்றாலும், அந்த வாரமே மருத்துவரிடம் போங்கள். போகும்போது ஆணியில் தொங்கும் புத்தகத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள், அவர் முதலில் கேட்பது அதைத்தான்.