வாயால் சொல்லி வாட்ஸ்அப் அனுப்ப

வாட்ஸ்அப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் மைக் குரல் பதிவுக்கு. எழுத்தாக வர, கீபோர்டில் உள்ள மைக்கைத் தட்டவேண்டும். பலர் குழம்புவது இங்கேதான்.

ஆண்ட்ராய்டில் ஜிபோர்டு (கூகுள் கீபோர்டு) செட்டிங்ஸைத் திறந்து, மொழிகளில் தமிழைச் சேருங்கள். மலேசியத் தமிழ் காட்டினால் அதையே எடுங்கள். பிறகு குரல் தட்டச்சை ஆன் செய்யுங்கள். மைக்கைத் தட்டுமுன் ஸ்பேஸ் பாரில் 'தமிழ்' என்று இருக்கிறதா பாருங்கள். ஆங்கிலத்தில் விட்டுவிட்டால் அர்த்தமில்லாத ஆங்கிலச் சொற்களாகக் கொட்டும்.

ஒரு மூச்சுக்கு ஒரு வாக்கியம் போதும். யோசித்துக்கொண்டு நின்றால் மைக் தானே அணைந்துவிடும். 'வந்துக்கிட்டிருக்கேன்' தடுமாறினால் 'வருகிறேன்' என்று சொல்லிப் பாருங்கள், சரியாக விழும். நம் மலேசியப் பேச்சில் கலக்கும் 'தாப்பாவ்' (பார்சல்), 'ஜாலான்' (சாலை) போன்றவைதான் பெரிய தலைவலி. அவற்றைக் கையால் திருத்துவதே வேகம். முற்றுப்புள்ளியும் அப்படித்தான்.

கோலாலம்பூரில் மஸ்ஜிட் ஜாமேக் பக்கம் எல்ஆர்டி ரயில் சுரங்கத்தில் லைன் விட்டுவிட்டு வந்தால் வாக்கியம் பாதியில் நிற்கும். மேலே வந்தபின் பேசுங்கள். பிரிக்பீல்ட்ஸ் மாதிரி இரைச்சலான சாலையோரம் என்றால் போனின் அடிப்பக்கத்தை வாயருகே வையுங்கள், மைக் அங்கேதான் இருக்கிறது.

அனுப்புமுன் ரிங்கிட் தொகை, வீட்டு எண், நேரம் மூன்றையும் கண்ணால் பாருங்கள். 'பதினைந்து', 'ஐம்பது' மாறினால் வம்பு. வண்டி ஓட்டும்போது போனைக் கையில் எடுக்கவே வேண்டாம். 300 ரிங்கிட் சம்மன்.