கனரக ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநரின் திறனை மதிப்பிடுவது எப்படி?

ஃபோர்க்லிஃப்டை நேராக ஓட்டி, வளைத்து, நிறுத்திக் காட்டுவதையே திறமைக்குப் போதிய சான்றாகப் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். பல டன் எடையைக் கையாளும் வண்டிக்கு அது போதாது. ஒரு சுமையின் முன் நின்று, 'இதை இந்த வண்டியால் தூக்கக் கூடாது' என்று கணக்கிட்டு, தயங்காமல் சொல்லக்கூடியவரா என்பதையே மதிப்பீடு முதன்மையாகக் கண்டறிய வேண்டும். முதன்முறையாக மதிப்பீடு செய்யவிருப்பவர்களுக்காகப் பின்வரும் முறையை எழுதுகிறேன்.

படி 1: ஆயத்தம்

ஓட்டுநர் அன்றாடம் இயக்கப்போகும் அதே வகை வண்டியிலேயே சோதனை நடக்க வேண்டும். சிறிய ஃபோர்க்லிஃப்டில் தேறியவர் கனரக வண்டிக்கும் தகுதியானவர் என்று கருதிவிடக் கூடாது. தரை உறுதியாக இருக்கிறதா என்று பார்த்து, சோதனைப் பகுதியைத் தடுப்புகளால் அடைத்து, நடந்து செல்வோரை முழுவதுமாக விலக்கி வையுங்கள். எந்தப் பிழை நேர்ந்தால் சோதனை உடனே நிறுத்தப்படும் என்பதை முன்கூட்டியே எழுதி, ஓட்டுநருக்கும் விளக்கிவிடுங்கள்.

படி 2: சுமைக் கணக்கு

வண்டியில் பொருத்தப்பட்டுள்ள கொள்திறன் தகட்டை (எவ்வளவு எடையைத் தூக்கலாம் என்று தயாரிப்பாளர் குறித்திருக்கும் தகடு) காட்டி, அதிலுள்ளவற்றை விளக்கச் சொல்லுங்கள். எண்ணை மட்டும் வாசிப்பவருக்கும் அதன் பொருளை அறிந்தவருக்கும் உள்ள வேறுபாடு இங்கேயே தெரிந்துவிடும் என்பதால், இந்தப் படிக்குத் தாராளமாக நேரம் ஒதுக்குங்கள்.

ஒரு கணக்கைக் கொடுத்துப் பார்க்கலாம். வண்டியின் கொள்திறன் 1,200 மி.மீ. சுமை மையத்தில் 16,000 கிலோ; முன் அச்சிலிருந்து ஃபோர்க்கின் (சுமையைத் தாங்கும் L வடிவக் கரம்) நிமிர்ந்த முகம் வரை 800 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். சுமை மையம் என்பது அந்த முகத்திலிருந்து சுமையின் ஈர்ப்பு மையம் வரையுள்ள தொலைவு. அப்படியானால் சுமையின் ஈர்ப்பு மையம் அச்சிலிருந்து 2,000 மி.மீ. தொலைவில் இருக்கிறது. சுமை அகலமாக இருந்து அதன் மையம் 1,600 மி.மீ.க்குத் தள்ளிப்போனால், அச்சிலிருந்து தொலைவு 2,400 மி.மீ. ஆகிவிடும், 16,000 × 2,000 ÷ 2,400 என்று கணக்கிட்டால் தாங்கக்கூடிய எடை ஏறத்தாழ 13,300 கிலோவாகக் குறைகிறது. இது புரிதலைச் சோதிப்பதற்கான கணக்கு மட்டுமே. வேலையில் தயாரிப்பாளர் தகட்டில் தந்திருக்கும் எண்ணையே பின்பற்ற வேண்டும். தூக்கும் உயரம் கூடும்போதும், கூடுதல் இணைப்புக் கருவி பொருத்தும்போதும் கொள்திறன் குறையும் என்பதை ஓட்டுநர் தாமாகவே சொல்ல வேண்டும்.

படி 3: இயக்குவதற்கு முந்தைய சோதனை

டயர்கள், சக்கர நட்டுகள், ஹைட்ராலிக் கசிவு, மாஸ்ட் (ஃபோர்க்கை ஏற்றி இறக்கும் செங்குத்துச் சட்டம்) சங்கிலி, பிரேக், ஹாரன், சீட் பெல்ட் ஆகியவற்றை அவர் எந்த வரிசையில் பார்க்கிறார் என்று குறுக்கிடாமல் கவனியுங்கள். ஃபோர்க் வளையும் இடத்தில் விரிசலோ தேய்மானமோ உள்ளதா என்று குனிந்து பார்க்கிறாரா என்பது முக்கியம். அங்கே தடிமன் 10 சதவீதம் தேய்ந்தாலே வளைவைத் தாங்கும் வலிமை ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்துவிடுவதால், அந்த ஃபோர்க்கைப் பயன்பாட்டிலிருந்து நீக்க வேண்டும்.

படி 4: ஓட்டிக் காட்டுதல்

முதலில் சுமையின்றி ஓட்டச் சொல்லுங்கள். பின்சக்கரங்களே திரும்புவதால் வளைவில் வண்டியின் பின்பகுதி வெளிப்புறமாக வீசிச் செல்லும். அந்த இடத்தை அவர் முன்பே கணித்திருக்க வேண்டும். வெற்று வண்டி வேகமாகத் திரும்பினால் பக்கவாட்டில் கவிழக்கூடும் என்பதைப் பலர் நம்புவதே இல்லை. ஆகவே, சுமையில்லாத வளைவுகளிலும் வேகத்தைக் கவனியுங்கள்.

பிறகு எடை உறுதியாகத் தெரிந்த சுமையுடன் ஓட்டட்டும். சுமை தாழ்வாகவும், மாஸ்ட் பின்னோக்கிச் சாய்ந்தும் இருக்க வேண்டும். சுமை பார்வையை மறைத்தால் பின்னோக்கி ஓட்ட வேண்டும், அல்லது வழிகாட்டுபவரின் துணையைக் கேட்க வேண்டும். சரிவில் சுமை எப்போதும் மேட்டுப் பக்கம் இருக்க வேண்டும். சுமையில்லாதபோது ஃபோர்க் பள்ளத்துப் பக்கம் இருக்க வேண்டும். சரிவில் வண்டியைத் திருப்பினால் சோதனையை அங்கேயே நிறுத்துங்கள்.

படி 5: மறுக்கத் தெரிகிறதா?

எடை குறிக்கப்படாத ஒரு சுமையைக் காட்டி, அவசரம் என்று கூறித் தூக்கச் சொல்லுங்கள். ஃபோர்க் சுமைக்குள் நுழையும் முன்பே தடுக்க நீங்கள் ஆயத்தமாக நிற்க வேண்டும். எடையைக் கேட்டு, விடை கிடைக்கும்வரை தொடாமல் இருப்பவரே இதில் தேறியவர். மேலதிகாரியின் குரலுக்குப் பணிந்து தூக்க முனைபவர் எவ்வளவு லாவகமாக ஓட்டினாலும், என் கணிப்பில் தகுதி பெறவில்லை.

வண்டி கவிழ்ந்தால் என்ன செய்வீர்கள் என்றும் கேளுங்கள். வெளியே குதிக்காமல், சீட் பெல்ட்டுடன் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்து, கால்களை ஊன்றி, சாயும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகச் சாய வேண்டும் என்ற விடை தடுமாறாமல் வர வேண்டும்.

படி 6: பதிவும் மறுமதிப்பீடும்

'நன்று', 'சுமார்' என்று எழுதாமல், பார்த்த செயலை அப்படியே எழுதுங்கள்: 'சரிவில் இறங்கும்போது சுமை பள்ளத்துப் பக்கம் இருந்தது' என்பது போல. தேறாதவருக்கு அந்தக் குறிப்பிட்ட செயலில் பயிற்சி அளித்து மீண்டும் சோதிக்கலாம். அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு விதி குறைந்தது 3 ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுமதிப்பீட்டைக் கட்டாயமாக்குகிறது. விபத்தோ, நூலிழையில் தப்பிய நிகழ்வோ நேர்ந்தாலும், வேறு வகை வண்டி ஒப்படைக்கப்பட்டாலும் அந்தக் காலக்கெடு வரும்வரை காத்திராமல், அவர் மீண்டும் வண்டியில் ஏறும் முன்பே மதிப்பிட்டுவிடுங்கள்.